மாங்கொல்லைப் பேருந்து

செவி பேசத் தொடங்கிய முதல் நாளே ரெஜினா அதன் முகத்தில் சாணியை அப்பினாள்.

அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. இருட்டு பிரியும் முன்னே வேலைக்குக் கிளம்பி, லிப்ட் ஓடாத கட்டடத்தின் படிகளெல்லாம் இறங்கி, வாசலுக்கு வெளியே வலது காலை எடுத்துவைக்கிற நேரம். ஜனங்களைக் கேட்டு பஸ் ரூட்டு போடுவதற்காக அரசாங்கம் சுவரில் பதித்திருந்த அந்த ஆரஞ்சு நிறப் பெட்டி திடீரென்று, "யக்கா, எங்க போறீங்க?" என்று கேட்டது. கிளம்புகிறவளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? பெற்ற தாய் கேட்டாலே திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். இங்கே கேட்டது ஒரு பெட்டி. கல்லுக்குழியில் மனிதர்களுக்கு எது இல்லாவிட்டாலும் மாடுகளுக்குக் குறைவில்லை. ரெஜினா கீழே கிடந்ததை அள்ளினாள், அப்பினாள், குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

சாணிக்குள்ளிருந்து பெட்டி, "பரவால்லக்கா. சாய்ங்காலம் வந்து சொல்லுங்க" என்றது.

பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்த தேசராணிக்கு அந்தப் பணிவுதான் உறுத்தியது. நாற்பதைத் தாண்டியவள் அவள். வெந்நீரிலும் சோப்புத் தண்ணியிலும் ஊறி விரலிடுக்கெல்லாம் வெளுத்துப்போனவள். அவள் அறிந்தவரை அரசாங்கத்துச் சாமான் எதுவும் ஏழையிடம் மரியாதையாகப் பேசியதில்லை. பேசினால் பின்னாலேயே ஒரு லாரி வரும்.

அது வெறும் பயமில்லை. ஆற்றோரத்தில் அவர்கள் குடிசை போட்டிருந்த காலத்தில், குடை பிடித்துக்கொண்டு நாலைந்து படித்த பெண்கள் வந்தார்கள். "எங்க வேலைக்குப் போறீங்க, எப்படிப் போறீங்க, பஸ் வசதி போதுமா?" என்று வாய் நிறையக் கேட்டார்கள். ஜனங்கள் தண்ணீர் கொடுத்து, முறத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னார்கள். அடுத்த கோடையில் லாரி வந்தது. ஊருக்கு வெளியே, கல் எடுத்துத் தீர்ந்துபோன குழிக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காகக் கட்டியிருந்த வீடுகளில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மோகனவேலு, அவள் புருஷன், பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறும்போது விழுந்தவன்தான். இடுப்பு போயிற்று. இன்னும் படுக்கையில் கிடக்கிறான்.

ஆகவே செவி கேட்டதற்கெல்லாம் கல்லுக்குழி ஒரே பதிலைத்தான் சொன்னது.

"எங்க போறீங்க அண்ணே?"

"சும்மா, இங்கதான்."

"தூரமா அண்ணே?"

"அட, பக்கத்துலதாம்பா."

பால் வாங்கப் போகிறவனும் அதையே சொன்னான். இரண்டு பஸ் மாறி நகரத்தின் மறுகோடிக்குப் போகிறவனும் அதையே சொன்னான். ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அது அந்த ஜனங்களின் ரத்தத்திலேயே இருந்தது. பெட்டி அவர்கள் பாஷையிலேயே பேசியது, அவர்களைப் போலவே சிரித்தது. "நம்ம பாஷையில பேசறவன்தான்டி நம்ம கய்த்த அறுப்பான்" என்று ரெஜினா எச்சரித்து வைத்திருந்தாள்.

மழைக்காலம் நெருங்கும்போது ஒரு நாள் செவி தானாகவே பேசியது. "ஜனங்களே, நீங்க சொன்னபடியே புது ரூட்டு போட்டாச்சு. விடிகாலை நகர பஸ் அடுத்த மாசத்துலேர்ந்து கெடையாது. அதுக்குப் பதிலா கல்லுக்குழிக்குள்ளயே சுத்தி வர ரெண்டு மினி பஸ்ஸு. சந்தோசமா?"

படிக்கட்டில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

அந்த விடிகாலை பஸ்தான் கல்லுக்குழிக்குச் சோறு. தேசராணி அதில் போய்த்தான் பவளக்கொடி அபார்ட்மெண்டில் ஜலஜா மேடம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள், வீடு துடைப்பாள், பக்கவாதத்தில் கிடக்கும் அவர் புருஷனுக்கு உடம்பு துடைத்துத் துணி மாற்றுவாள். உச்சி வெயிலுக்கு முன்னால் திரும்பி வந்தால்தான் தன் புருஷனைப் புரட்டிப் படுக்கவைக்க முடியும். ஊரான் புருஷனைக் கழுவிய கையோடு வந்துதான் தன் புருஷனைக் கழுவ வேண்டும். அந்த ஒரு பஸ் இல்லையென்றால் இரண்டில் ஒருவரைத்தான் அவள் பார்க்கலாம். ஒருவர் கூலி கொடுப்பவர். இன்னொருவர் தாலி கட்டியவர்.

சத்தம் போட்டுச் சத்தம் போட்டுக் கடைசியில் செவியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு எஞ்சினியரை வரவழைத்தார்கள். சேரலாதன் என்று பெயர். இள வயது, சட்டை கசங்காத ஆள். தண்ணீர்த் தொட்டியடியில் பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இன்னாபா, யாரைக் கேட்டு எங்க பஸ்ஸ நிறுத்தினீங்கோ?" என்றாள் ரெஜினா.

"உங்களைக் கேட்டுத்தாம்மா. கல்லுக்குழியில யாரும் தூரமாப் போறதில்லைன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"விடிகாலை பஸ்ஸுல மூச்சு உட எடமில்ல. அந்தப் பொட்டிக்கு இது கூடத் தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது. அதுதான் சட்டம். யாரையும் கேமரா வச்சுப் பார்க்கக் கூடாது, போனைப் பின்தொடரக் கூடாது. பேசறது யாருன்னுகூட செவி தெரிஞ்சுக்கக் கூடாது. எங்களை வேவு பார்க்காதேன்னு உங்க சங்கம்தானே முதல்ல கொடி பிடிச்சுது?"

பிடித்தது உண்மைதான். தேசராணியே அந்த ஊர்வலத்தில் நடந்திருக்கிறாள்.

"சரி, பஸ்ஸுல ஏறுற தலைய எண்ணக் கூடாதா?"

"எண்ணிட்டுத்தான் இருந்தாங்க. கட்சிக்காரங்க பிரியாணிப் பொட்டலம் குடுத்து ஆளுங்களை ஏத்தி, தங்களோட கல்யாண மண்டபத்து வாசலுக்கு ரூட்டை இழுத்துட்டுப் போனாங்க. அதனால எண்றதையும் நிறுத்தியாச்சு."

"எம் மச்சான் அந்த ரூட்டுல நாலு மாசம் சாப்ட்டான்பா" என்று யாரோ சொல்ல, கோபத்துக்கு நடுவிலேயே எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தேசராணி சிரிக்கவில்லை. "மந்திரி சொன்னா மாத்தலாமா சார்?"

"மந்திரி சொன்னாலும் முடியாதும்மா. ரூட்டு போடற அதிகாரம் இப்ப எந்த மனுஷன்கிட்டயும் இல்ல. ஜனங்க வாயில இருக்கு. கிளம்பற பக்கமும் போய்ச்சேர்ற பக்கமும் ஒரே மாதிரி சொன்னா அது உண்மைன்னு செவி எடுத்துக்கும். எடுத்துக்கிட்டா அதை நம்பி பஸ் விடும், ரோடு போடும், கட்டடம்கூடக் கட்டும். உண்மையைச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவன் போன பிறகு சண்டை நடந்தது. உண்மையைப் பிடுங்கத்தான் பஸ்ஸை நிறுத்தி நாடகம் ஆடுகிறார்கள் என்றது ஒரு கட்சி. பஸ்ஸே போன பிறகு உண்மையை வைத்துக்கொண்டு ஊறுகாய் போடவா என்றது மறு கட்சி. கடைசியில் வயிறு ஜெயித்தது. ஒவ்வொருத்தியாகச் செவியின் முன்னால் போய் நின்று, கோயிலில் மொட்டையடிக்கக் குனிகிறவள் மாதிரித் தலையைக் குனிந்து, வேலை செய்யும் இடத்தைச் சொன்னார்கள்.

பெட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. அப்புறம், "இன்னாக்கா இது? நீங்க பவளக்கொடின்னு சொல்றீங்க. பவளக்கொடிக்காரங்க அத்தினி பேரும் அவுங்க வூட்டு வேலைக்காரங்க மாங்கொல்லையிலேர்ந்து வராங்கன்னு சொல்றாங்களே" என்றது.

தேசராணி சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தியும் இன்னொருத்தியின் கண்ணைப் பார்க்கவில்லை.

மாங்கொல்லை என்பது பவளக்கொடிக்கு நடை தூரத்தில், சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்த ஒரு சின்னக் குப்பம். கல்லுக்குழிக்காரி என்று சொன்னால் நகரத்தில் ஒரு வீட்டிலும் வேலை கிடைக்காது. திருடி, குடிகாரன் பெண்டாட்டி, கஞ்சா விற்கிறவள் என்று விலாசத்தைக் கேட்ட உடனே முத்திரை குத்திவிடுவார்கள். பவளக்கொடியில் வீட்டுக்காரர்கள் சங்கம் தீர்மானமே போட்டு லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது, அந்தப் பக்கத்து ஆட்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று. அதனால் வேலை கேட்டுப் போன நாளில் எல்லோரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். வூடு எங்கம்மா? இங்கதான் மேடம், பக்கத்துல, மாங்கொல்லை. அந்தப் பொய்யைத்தான் முதலாளிமார்கள் உண்மையென்று பெட்டியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்போ மேடம்ங்ககிட்ட நெசத்தைச் சொல்லணும். அவுங்க போய் பொட்டிகிட்ட சொல்லணும். வேற வழியில்ல" என்றாள் தேசராணி.

"சொல்லு. நீயே மொதல்ல சொல்லு" என்றாள் ரெஜினா.

"நான் சொல்லி என் வேலை போனா, அந்த வூட்டுக்கு நீ போலாம்னு பாக்கறியா?"

"தோ பார்றா! உன் பக்கவாதத்து ஐயாவை நான் ஏன்டி தூக்கறேன்? எனக்கின்னா பைத்தியமா?"

கடைசியில் வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. ஒரே நாளில் இத்தனை பேரை நிறுத்தினால் பவளக்கொடி நாறிப்போகும், ஆகவே நிறுத்த மாட்டார்கள் என்பது கணக்கு. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆனால் சத்தியம் செய்கிறபோதே தேசராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எத்தனை பேரை நம்புகிறோம் என்று தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தாள். ஒருத்தரையும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை. ஐயாவின் முதுகில் பவுடர் போட்டு, தலையணையைச் சரிசெய்து, ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

ஜலஜா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பவளக்கொடி சங்கத்துச் செயலாளர். "முன்பணமா?"

"இல்ல மேடம். என் வூடு மாங்கொல்லையில இல்ல."

"தெரியும்" என்றார் அவர், ஆற்றுவதை நிறுத்தாமல்.

தேசராணி ஈரத்துணியை மேடையோரம் வைத்தாள்.

"கால்வாய் உடைஞ்சு மாங்கொல்லை முழுகிப்போச்சே, ஞாபகமிருக்கா? அன்னைக்கு நீ காய்ஞ்ச புடவையோட வந்தே. உன்கூட வர்ற அத்தனை பேரும் காய்ஞ்ச புடவையோடதான் வந்தாங்க. எனக்கு மட்டுமில்ல, இந்த பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா... தெரிஞ்சே ஏன் மேடம் செவிகிட்ட மாங்கொல்லைன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? கல்லுக்குழின்னு நான் சொன்னா, தீர்மானத்துல கையெழுத்துப் போட்டவளே நான்தான். முதல்ல உன்னை அனுப்பணும். அப்புறம் இவரை யார் திருப்பிப் போடறது?" குரலைத் தாழ்த்தினார். "எல்லா வீட்லயும் இதே கதைதான். சொல்லாம இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் நல்லது."

"அது யார்கிட்டயும் சொல்லாதுன்னு எஞ்சினியர் சொன்னாரு மேடம். நீங்க கேட் பக்கத்துப் பொட்டியில ஒரு வார்த்தை..."

"சொல்லாதுன்னு நீ நம்பறியா?"

தேசராணி நம்பவில்லை. அந்த அம்மாளும் நம்பவில்லை. அவர்கள் இருவரும் ஒரே மாதிரி நினைத்த விஷயம் அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

"ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல ஒரு அறை காலியா இருக்கு. நீ இங்கேயே தங்கிடேன். ஞாயித்துக்கிழமை போய் உன் வீட்டுக்காரரைப் பார்த்துட்டு வா" என்றார் ஜலஜா. நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசில் மோகனவேலு வாரத்துக்கு ஆறு நாள் புரளாமல் கிடந்தான்.

"வூட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்."

"இல்லேன்னா மாங்கொல்லையிலேர்ந்து பஸ் வேணும்னு சொல்லிப் பார்க்கறேன். அதைச் சொல்றதுக்கு இங்க யாருக்கும் பயம் கிடையாது."

நடந்து வரக்கூடிய தூரத்துக்கு பஸ் எதற்கு என்று அப்போது தேசராணி மனதுக்குள் கசந்துகொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெண்களைப் பிடித்து விசாரித்தாள். ஒருத்தியின் மேடம் ஊருக்குப் போய்விட்டாராம். ஒருத்தி வீட்டில் விருந்தாளியாம். ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தம்மாவுக்குக் காச்சடி. காச்சக்காரங்ககிட்ட போய் கெட்ட சேதி சொல்லலாமா?" என்றாள். சத்தியம் செய்த அத்தனை பேரில் சொன்னவள் தேசராணி ஒருத்திதான்.

"அவுங்க அல்லாருக்கும் முன்னாலயே தெரியுமாம்" என்று அவள் சொன்னபோது பின் சீட்டில் இருந்தவர்களும் எழுந்து அவள் பக்கம் வந்து நின்றார்கள். இத்தனை நாள் பயந்து பயந்து காப்பாற்றிய பொய்யை எதிராளி எப்போதோ பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான் என்றால், அதில் அவமானம் அதிகமா ஆறுதல் அதிகமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கல்லுக்குழி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். காலி பஸ் கிளம்பி, குழியைச் சுற்றிக்கொண்டு, அதற்கு அப்பால் இருந்த பணிமனையை நோக்கிப் போயிற்று. தேசராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே ஓடினாள்.

டிரைவர் இருதயராஜ் பணிமனை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மாங்கொல்லையிலேர்ந்து விடிகாலையில ஒரு பஸ் எடுக்கணும்னா அது எங்கேர்ந்து வரும்?"

"இங்கேர்ந்துதான். வேற டிப்போ ஏது?"

"அப்போ எங்க வாசல் வழியாத்தான் காலியாப் போவும்?"

"ஆமா." அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. டீ கிளாஸை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலி வண்டியில நாலு பேரை ஏத்திக்கிட்டா எவன் கேக்கப்போறான்? உள்ளதான் யாரும் எண்றதில்லையே. ஆனா தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்லலை. நீயும் ஒண்ணும் கேக்கலை."

அதற்கப்புறம் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஜலஜா மேடம் பவளக்கொடி முழுவதும் சொல்லிவைத்தார். வேலைக்காரி வேலையை விட்டுவிடுவாளோ என்று கிலி பிடித்திருந்த வீடெல்லாம் கேட் பக்கத்துச் செவியிடம் போய், மாங்கொல்லை மக்கள் பாவம், அவர்களுக்கு பஸ் வேண்டும் என்று உருகின. கல்லுக்குழிப் பெண்களும் வேலைக்கு நுழையும்போதும் வெளியே வரும்போதும் அதே பெட்டியிடம், "மாங்கொல்லையிலேர்ந்து வர்றோம், கால் வலிக்குது" என்று அழுதார்கள். பேசுகிறவள் யாரென்று அதற்குத் தெரியக் கூடாதே. ரெஜினா ஒருத்தியே கிழவி குரலில் ஒரு தடவை, மூக்கடைத்த குரலில் ஒரு தடவை, ஆண்பிள்ளைக் குரலில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். "எட்டு வூட்டு ஜனத்தை நான் ஒருத்தியே பெத்துட்டேன்டி" என்று பஸ்ஸில் நடித்துக் காட்டினாள்.

மாங்கொல்லையிலும் ஒரு செவி இருந்தது. அங்கத்துப் பெண்களும் பவளக்கொடிக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான். அவர்கள் தங்கள் பெட்டியிடம், "சும்மா, இங்கதான், பக்கத்துல, பவளக்கொடிக்கு" என்று சொல்லிவந்தார்கள். அவர்கள் சொன்னது நிஜம். இரண்டு முனையும் ஒத்துப்போயிற்று.

மழைக்காலத்து ரூட்டு மாற்றத்தில் கல்லுக்குழி பஸ் நின்றது. மாங்கொல்லை பஸ் வந்தது. ஒன்றல்ல, மூன்று. விடிகாலையில் பணிமனையை விட்டுக் கிளம்பும் காலி வண்டிகள் கல்லுக்குழி வாசலில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஏறுவார்கள். உட்கார இடம் கிடைத்தது. பிறந்ததிலிருந்து விடிகாலை பஸ்ஸில் உட்கார்ந்து போனதே இல்லை என்றாள் ஒருத்தி. மோகனவேலுகூட, "உனக்கு வக்கீல் மூளைடி" என்று படுக்கையிலிருந்தே பாராட்டினான். தேசராணிக்கு அந்த நாட்களில் நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனாலும் மாங்கொல்லையைத் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள். ஒரு விடிகாலையில் தவறிப்போய்ப் பார்த்துவிட்டாள். சந்து முனையில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருத்தி, மூன்று பஸ்கள் வரிசையாக வந்து நிற்பதையும் அதில் ஊர் பேர் தெரியாத பெண்கள் நிறைந்திருப்பதையும், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அந்தப் பார்வை தேசராணிக்குத் தெரியும். குடை பிடித்துக்கொண்டு வந்தவர்களை, லாரி வந்த பிறகு, தானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தாள்.

கோடை தொடங்கியதும் சேரலாதன் மறுபடி கல்லுக்குழிக்கு வந்தான். காலியாகக் கிடந்த கடைசிக் கட்டடத்தில் ஆட்கள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். தேசராணி குடத்தை இறக்கிவைத்தாள்.

"யாருக்கு சார் இந்த வூடெல்லாம்?"

"மாங்கொல்லைக்காரங்களுக்கு."

"அவுங்க ஏன் இங்க வரணும்?"

"அந்த இடத்துல பஸ் நிலையம் வருதும்மா. அவ்வளவு ஜனம் கிளம்பற இடத்துல ஒரு நிலையம்கூட இல்லாதது அநியாயம்னு செவி முடிவு பண்ணியிருக்கு." அவன் சோர்ந்த குரலில் சொன்னான். "கணக்கைப் பார்த்துட்டு நான் நேர்ல போனேன். குப்பத்துல இருக்கறதே நூத்துச் சில்லறை குடும்பம். செவி கணக்குல ஆயிரக்கணக்குல ஜனம். அத்தனை பேர் எங்கேன்னு தேடினேன்."

"நிறுத்த முடியாதா?"

"ரூட்டை மனுஷங்க மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டப்ப நாங்கெல்லாம் கை தட்டினோம்." அவன் அவளையே பார்த்தான். "நீங்க எந்த பஸ்ல வேலைக்குப் போறீங்கம்மா?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நான் வேலைக்குப் போறதில்ல சார்" என்றாள்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் அவள் விஷயத்தை உடைத்தாள். எல்லோரும் போய்ச் செவியிடம் நிஜத்தைச் சொல்லலாம், நாங்கள்தான் மாங்கொல்லை என்று பொய் சொன்னோம் என்று சொல்லலாம் என்றாள்.

"சொன்னா?" என்றாள் ரெஜினா. இந்தத் தடவை அவள் முகத்தில் நடிப்பு இல்லை. "சொன்னா மேடம்ங்க மாட்டிக்குவாங்கோ. மாட்டினா நம்பள நிறுத்துவாங்கோ. இருதயராஜ் அண்ணன் வேலையும் போவும். நம்பள லாரியில ஏத்தினப்போ எந்த மாங்கொல்லைக்காரி வந்து குறுக்க படுத்தா?"

பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். தேசராணியும் கிளம்பினாள். மாடியேறும்போது செவியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "இன்னாக்கா, எதுனா சொல்லணுமா?" என்று அது அன்பாகக் கேட்டது. மேலே மோகனவேலு இருமுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

லாரிகள் பட்டப்பகலில் வந்தன. கட்டில், அண்டா, கோழிக்கூண்டு, சாமி படம், தையல் மெஷின். இறங்கியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வாயடைத்து நின்றார்கள். கல்லுக்குழிப் பெண்கள் வேண்டியதற்கு மேலேயே உதவி செய்தார்கள். குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். மாடிக்குச் சாமான் தூக்கினார்கள். ரெஜினா ஒரு கிழவனைக் கைத்தாங்கலாகப் படியேற்றிவிட்டாள். அவ்வளவு உபசாரத்தைப் பார்த்து, வந்தவர்களுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் செவி புதுக் கட்டடத்தில் அவர்களைக் கேட்டது. அவர்கள் ஆத்திரத்தில் இருந்தார்கள். எங்கே வேலை, யார் வீடு, எந்த மாடி என்று கத்திக் கத்திச் சொன்னார்கள். பவளக்கொடியிலும் இப்போது மாங்கொல்லை என்று சொல்ல முடியவில்லை, மாங்கொல்லை என்று ஒரு இடமே இல்லை. ஆள் வேண்டுமே. லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தீர்மானத்தை யாரோ சத்தமில்லாமல் கிழித்துவிட்டார்கள். கல்லுக்குழியிலிருந்து வருகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு தாராளமாகச் சொன்னது. இரண்டு முனையும் ஒத்துப்போயிற்று. கல்லுக்குழிக்கு விடிகாலை பஸ், முறையான பலகை மாட்டிய பஸ், விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது.

தேசராணிக்குப் பக்கத்தில் மாங்கொல்லைக்காரி ஒருத்தி உட்கார்ந்தாள். அமுலு என்று பெயர். சின்ன வயசுக்காரி, மடியில் டிபன் டப்பா. பவளக்கொடியில் மூன்றாவது மாடி.

"இவ்ளோ தூரமா யக்கா? நான் நடந்தே போய்க்கினு இருந்தேன். குழந்தை அழுதா ஓடியாந்து பால் குடுத்துட்டுப் போவேன்."

"பழகிடும்."

"எவளுங்களோ எங்க பேரைச் சொல்லிக்கினு பொட்டியில பேசிருக்காளுங்கன்னு சொல்றாங்கோ. மெய்யா யக்கா?"

பஸ் குலுங்கியது. முன் சீட்டில் ரெஜினாவின் பின்கழுத்து விறைத்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் தேசராணி.

"உனக்கு எங்க மாங்கொல்லை தெரியுமா?"

"உள்ள வந்ததில்ல." அது நிஜம்தான்.

நிலையத்தில் பஸ் நின்றது. தகரக் கூரை, வழவழப்பான தரை, மஞ்சள் கம்பிகள். பெண்கள் அவசர அவசரமாக இறங்கி, கூட்டமாக வாசலை நோக்கி நடந்தார்கள். அமுலு மட்டும் நடுவில் நின்றுவிட்டாள். கால்வாய்ச் சுவரையும் எதிரே இருந்த வேப்பமரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ரெண்டு எட்டு தள்ளி வந்து நின்றாள்.

"இங்கதான் யக்கா அடுப்பு வச்சிருந்தேன்" என்று தரையைக் காட்டினாள்.

வெறும் சிமெண்டுத் தரை. அதன்மேல் செருப்புக் கால்கள் போய்க்கொண்டிருந்தன. தேசராணி அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் பஸ் தாமதம். ஐயாவுக்குத் துணி மாற்ற நேரமாகிவிட்டது. அடுப்பிருந்த இடத்தின் மேலேயே நேராக நடந்துவிட்டாள்.